படுத்துட்டாரு

விழுப்புரத்தில் எம்.ஆர்.ஐ. டெக்னீஷியனாகச் சேர்ந்த புதிதில் எனக்கு வாய் நீளம், காது மட்டு.

ஒரு நாள் காலை பத்து மணிக்கு, பெருமுக்கல் பக்கத்து விவசாயி ஒருவரை ஸ்ட்ரெச்சரில் கொண்டுவந்தார்கள். வலது கையும் காலும் விழுந்துவிட்டன. பேச்சும் இல்லை. 'நேற்று இரவு 9 மணி முதல்' என்று கேஸ் ஷீட்டில் டியூட்டி டாக்டர் எழுதியிருந்தார். மூளை ரத்தக்குழாய் அடைப்பைக் கரைக்கும் ஊசியை நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். இவருக்கோ பதின்மூன்று மணி நேரம். அதனால் ஊசி கிடையாது, படம் மட்டும்தான்.

கூட வந்த மனைவி ஏதோ சொல்ல வாயெடுத்தார்.

"மோதிரம், அரணாக்கொடி இருந்தா கழட்டுங்கம்மா. கதையெல்லாம் அப்புறம்" என்று அடக்கிவிட்டேன்.

டிஃப்யூஷன் என்கிற வகைப் படத்தில் மூளையின் இடப்பக்கம் பளிச்சென்று வெள்ளை. அடைப்பு விழுந்த கொஞ்ச நேரத்திலேயே அது தெரிந்துவிடும். ஃப்ளேர் என்கிற இன்னொரு வகைப் படத்தில் தெரிய மணிக்கணக்காகும். ஆனால் இவருக்கு ஃப்ளேர் வெள்ளையே இல்லாமல் சுத்தமாக இருந்தது. மிஷின் மக்கர் பண்ணுகிறதோ என்று மறுபடி எடுத்தேன். அதே படம். அப்படியானால் அடைப்பு புதுசு, காப்பாற்ற வழி இருக்கிறது.

வெளியே ஓடி அந்த அம்மாவைக் கேட்டேன்.

"நேத்து ஒம்பது மணிக்கு சாப்ட்டு படுத்துட்டாருங்க."

"படுத்துட்டாரு, அப்புறம்?"

"காலையில எழுந்து நெலத்துல மல்லாட்டைச் செடி புடுங்கிக்கினு இருந்தாரு. ஏழரை பஸ்ஸு போச்சு, அப்பதான் கை தொங்கிப்போயி உழுந்தாரு."

அடக் கடவுளே! படுத்துட்டார் என்றால் தூங்கப் போனார் என்றும் அர்த்தம், நோயில் விழுந்தார் என்றும் அர்த்தம். டாக்டர் பாதியிலேயே பேனாவை மூடிவிட்டார். நான் அந்தப் பாதியைக்கூடக் கேட்கவில்லை. ஏழரை என்றால் எனக்குச் சனிதான் ஞாபகம் வரும். அன்றைக்கு அந்த ஏழரைதான் மனுஷனைக் காப்பாற்றியது. ரத்தக்கசிவு இல்லை என்று ரேடியாலஜி டாக்டர் பார்த்துச் சொன்னார். பதினொன்றே காலுக்கு ஊசி ஏறியது.

அதற்கப்புறம் எந்த நோயாளியையும், கூட வந்தவரிடம் இரண்டு தடவையாவது "அப்புறம்?" கேட்காமல் நான் டேபிளில் ஏற்றியதில்லை. புதிதாக வருகிற பிள்ளைகளே, நீங்களும் கேளுங்கள்.

வீட்டுக்குப் போகும் அன்று அவர் சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்து வந்தார். நான் அந்த அம்மாவிடம் மன்னிப்புக் கேட்டேன். அவர் கோபப்படவில்லை.

"அவருக்குத்தாங்க பேச்சு வரல. எனக்கு வந்துச்சே, யாராச்சும் கேட்டீங்களா?" என்றார்.