சிவப்பாகத் தெரியாத நட்சத்திரம்

மங்கலத்துச் சாயப்பட்டறையில் துணியின் நிறம் பார்த்துக் கையெழுத்துப் போடுபவர் அவர். ஒல்லியான ஆள். துணியைப் போலவே மனிதர்களையும் தலை சாய்த்துத்தான் பார்ப்பார்.

அன்று மாலை மின்வெட்டு, ஜெனரேட்டரும் பழுது. சாயம் போடக் கொடுத்திருந்த எங்கள் கம்பெனியின் மெரூன் துணியை ஏற்ற லாரி வாசலில் நின்றது. அவர் கையெழுத்து இல்லாமல் துணி வெளியே போகாது.

"எமர்ஜென்சி லைட்ல பார்த்துக் கையெழுத்துப் போடுங்களேன்" என்றேன். மறுத்தார். எங்கள் சரக்கைத் தாமதப்படுத்த, போட்டிக் கம்பெனிக்காரன் காசு கொடுத்து இவரை வாங்கிவிட்டான் என்றே நினைத்தேன்.

நன்றாக இருட்டியதும் மொட்டை மாடிக்கு அழைத்துப்போய், மங்கலான ஒரு நட்சத்திரத்தைக் காட்டினார்.

"என்ன நெறமுங்க?"

"வெள்ளை."

"செவப்புங்க. சூரியனைவிடச் சூடு கம்மி, ஆனா பல மடங்கு பெருசு. பைனாகுலர்ல பார்த்தா செவப்பு தெரியும். வெறுங்கண்ணுக்கு அந்த வெளிச்சம் பத்தாதுங்க. வெளிச்சம் பத்தாட்டி கண்ணுக்கு நெறம் தெரியாதுங்க."

நழுவப் பார்க்கிறார் என்று எரிச்சலாக வந்தது. லாரி இரவு முழுக்க நின்றது.

காலை வெயிலில் துணியை விரித்துப் பார்த்தார். உடனே கையெழுத்துப் போட்டார்.

"நேத்தே சரியாத்தானுங்களே இருந்திருக்கு?" என்றேன், விடாமல்.

"இருந்திருக்குங்க. நேத்து எனக்குத் தெரியலீங்களே."

அவரை யாரோ வாங்கிவிட்டார்கள் என்று நான் எந்த வெளிச்சத்தில் பார்த்தேனோ, இன்றுவரை விளங்கவில்லை.