தேனுகா செய்த கணக்கு

என் தங்கை தேனுகாவைப்போல ஒரு வாயில்லாப் பூச்சியை விசுவமடு முழுக்கத் தேடினாலும் காணமாட்டீர்கள். கணிதத்தில் கலாநிதிப் பட்டம் எடுத்தவள். ஆனால் பஸ்ஸை நிறுத்தச் சொல்லக் கூச்சப்பட்டு, அடுத்த சந்தியில் இறங்கி நடந்து வருவாள்.

பட்டத்துக்குப் பிறகு இரண்டு மூன்று வருடம் வெளிநாட்டில் ஆராய்ச்சி செய்தால்தான் அந்தத் துறையில் நிற்கலாமாம். நாடு நாடாக விண்ணப்பித்தாள். சிலர் 'வருந்துகிறோம்' என்று எழுதினார்கள், மற்றவர்கள் பதிலே போடவில்லை. பல்கலைக்கழகத்தில் அவளுடைய தற்காலிக வேலையும் இந்த மாதத்தோடு சரி. கடைசியில் ஜேர்மனியில் ஓரிடம் மட்டும் வீடியோவில் பேச அழைத்தது. இதுவும் போனால் ஆராய்ச்சியே போச்சு என்று சோறு இறங்காமல் திரிந்தாள்.

அவள் வீடியோவில் பேசும் நாளன்று, சத்தம் கேட்கக்கூடாதென்று அப்பா வயலுக்குத் தண்ணீர் இறைக்கும் மோட்டரை நிறுத்திவிட்டார். அம்மா குசினிக்குள் மூச்சுக் காட்டாமல் சமைத்தார். எங்கள் வீட்டில் சிக்னல் யன்னலடியில்தான் வரும். என் போனிலிருந்துதான் அவளுடைய கணினிக்கு இணையம். கமராவில் விழாமல் நிலத்தில் இருந்துகொண்டு போனை யன்னலுக்கு உயர்த்திப் பிடித்தேன். கை விறைத்தது.

முதலில் நன்றாகத்தான் போனது. பிறகு ஒரு பெண் பேராசிரியர், பட்டத்துக்கு வழிகாட்டிய பேராசிரியரோடு அவள் எழுதிய கட்டுரையில் உள்ள முக்கியமான நிறுவலை, அந்தக் கணித நிரூபணத்தை, கண்டுபிடித்தது யார் என்று கேட்டார். நான் பள்ளிக்கூடத்தில் ஆங்கிலம் படிப்பிக்கிறவள், எல்லாம் விளங்கியது. அந்த நிறுவலை இவள் இதே மேசையில் தலையைப் பிய்த்துக்கொண்டு செய்ததைக் கண்ணால் கண்டவளும் நான்தான்.

"எல்லாம் எங்கள் சேருடைய வழிகாட்டல்," என்றாள் தேனுகா.

ஐயோ கடவுளே! இங்கே அதற்குப் பெயர் மரியாதை. அங்கே அதற்கு அர்த்தம், இவள் ஒன்றும் செய்யவில்லை என்பது.

"அப்படியானால் உங்கள் பங்கு?"

"நாங்கள் சேர்ந்து..." என்று இழுத்தாள்.

"அவர் இல்லாமல் இங்கே வந்து என்ன செய்வீர்கள்?"

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எட்டி அவள் காலில் நறுக்கென்று நுள்ளினேன்.

"நான்!" என்று துள்ளினாள். "அதை நான்தான்..."

எட்டிய வேகத்தில் போன் யன்னலை விட்டு இறங்கிவிட்டது. இணைப்பு அறுந்தது. எவ்வளவு முயன்றும் திரும்ப வரவில்லை.

"அக்கா, கெடுத்துப்போட்டியே!" அவள் அழுதாள்.

"நீ கெடுக்காததையோ நான் கெடுத்தனான், விசரி?" என்று கத்தினேன். எனக்கும் அழுகை வந்தது.

பின்னேரம் மின்னஞ்சல் வந்தது. 'நான்தான்' என்றதோடு தொடர்பு அறுந்துவிட்டது, மீதியை நாளைக்குக் கேட்க விரும்புகிறோம் என்று எழுதியிருந்தார்கள். எனக்கு உயிர் வந்தது. அவளுக்கோ முகம் வெளிறிவிட்டது.

"சேர் கேள்விப்பட்டால் என்ன நினைப்பாரக்கா?"

"அவர் நினைக்கிறது கிடக்கட்டும். நீ சொல்லிப் பழகு. ஆர் செய்தது?"

"நான்."

"கேக்கேல்லை. ஆரடி செய்தது?"

"நான்தான் செய்தனான்!"

குசினிக்குள் இருந்து அம்மா பதறி ஓடிவந்தார்.

"என்ன பிள்ளை, எதை உடைச்சனீ?"