கோமதி அக்கா பெயருக்கு முன்னால் ஒரு ‘டாக்டர்’

கோமதி அக்கா போய்விட்டார். நேற்று காலை, திருநெல்வேலி ஆஸ்பத்திரியில். டெங்கு என்றார்கள்... ஐந்தே நாள்.

இன்று சங்கரன்கோவிலில் எல்லாம் முடிந்தது. பஸ்ஸில் வாசுதேவநல்லூருக்குத் திரும்பிக்கொண்டிருக்கிறேன். போனில் இதை எழுதுகிறேன். துக்கத்தில் மட்டும் இல்லை, ஆத்திரத்திலும்தான்.

எங்கள் டிபார்ட்மெண்ட் வாட்ஸப்பில் அஞ்சலி போஸ்டர் போட்டிருக்கிறார்கள். நான்கு மூலையிலும் ரோஜாப்பூ, நடுவில் அக்காவின் ஐடி கார்டு போட்டோ. கீழே ‘டாக்டர் கோமதி’.

டாக்டராம்!

தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். யுனிவர்சிட்டியில் எலக்ட்ரிக்கல் பிஎச்டி படித்தபோது அக்கா எனக்கு சீனியர். ஒரே கைடு, ஒரே லேப், அடுத்தடுத்த நாற்காலி.

பின்னால் சேர்ந்த நான் முடித்துவிட்டேன். அக்கா தீசிஸ் கொடுத்து இரண்டு வருஷமாகியும் வைவா, அந்தக் கடைசி வாய்மொழித் தேர்வு, நடக்கவில்லை. வைவா நடக்காமல் எங்கிருந்து வந்தது டாக்டர்?

லேபில் ஒரு தடவை விளையாட்டாக ‘டாக்டரம்மா’ என்று கூப்பிட்டுவிட்டேன். “சும்மா இருட்டி. வைவா முடியாம அப்படிக் கூப்பிடாத” என்று வைதார்.

அவருடைய ஆராய்ச்சி விசைத்தறி பற்றியது. ஒரு கொட்டகையில் பத்துத் தறி ஒன்றாக ஓடத் தொடங்கினால் வோல்டேஜ் எவ்வளவு விழுகிறது, மோட்டார் ஏன் அடிக்கடி எரிகிறது... சொந்த ஊர்ப் பிரச்சினை. அவர் அம்மா அந்தக் கொட்டகைகளில் நூல் சுற்றும் வேலை பார்த்தவர்.

முதல் தடவை அளக்கப் போனபோது நானும் கூடப் போனேன். காலில் ஷூ, கழுத்தில் ஐடி கார்டு, கையில் மீட்டர், லேப்டாப். நாங்கள் தெருவுக்குள் நுழைந்ததும் தறிச் சத்தம் ஒவ்வொன்றாக நின்றது.

கரண்டு திருட்டுப் பிடிக்க ஈபியில் இருந்து ஆள் வந்திருக்கிறது என்று நினைத்துவிட்டார்கள்!

“தறியெல்லாம் ரிப்பேருல்லா மேடம். ஒண்ணும் ஓடல. வேணும்னா நீங்களே பாத்துக்கோங்க” என்று தறிக்கார அண்ணாச்சி தானே போர்டைத் திறந்து காட்டினார். இரண்டு நாள் அளந்தோம். இரண்டு நாளும் ஒரு ட்யூப்லைட்டும் ஒரு ஃபேனும்தான் பதிவாயின.

மூன்றாம் நாள் அக்கா தன் அம்மாவைக் கூட்டிக்கொண்டு வந்தார். “அண்ணாச்சி, இவ எம்மவ. ஈபியும் இல்ல ஒண்ணும் இல்ல. தறிய ஓட விடுங்க.”

ஓடின. அக்கா சிரித்தது அந்தச் சத்தத்தில் எனக்குக் கேட்கவில்லை. தோள் குலுங்கியதைத்தான் பார்த்தேன்.

எங்கள் கைடு அந்தத் தெருப் பக்கம் ஒரு நாளும் எட்டிப் பார்த்ததில்லை. “எதுக்கும்மா அலையறே, கம்ப்யூட்டர்லயே போட்டுக் காட்டிரு” என்றவர் அவர்.

ஆராய்ச்சிப் பேப்பர் வெளியிடும்போது கைடு பெயரும் வரும், அது எல்லா இடத்திலும் உள்ளதுதான். எங்கள் லேபில் இன்னொரு வழக்கமும் உண்டு. கைடின் நண்பர் ஒருவர் பெயரையும் சேர்க்க வேண்டும். ஏன் என்று யாரும் கேட்டதில்லை.

அக்கா கேட்டார். “தறிச் சத்தத்த ஒரு நாளாவது காதால கேட்டிருப்பாராட்டி அவரு? அவரு பேர நான் எதுக்குப் போடணும்?” என்று என்னிடம். அதையே கொஞ்சம் மரியாதையாக கைடிடம்.

அன்றோடு சரி.

தீசிஸைத் திருத்திய வெளி யுனிவர்சிட்டிக்காரர்கள் இருவரும் நல்ல ரிப்போர்ட் அனுப்பிவிட்டார்கள். வைவா தேதிக்கு கைடு ஒரு கையெழுத்துப் போட வேண்டும், அவ்வளவுதான். இன்ஸ்பெக்‌ஷன் முடியட்டும்மா... ஃபாரின் போயிட்டு வந்துடறேன்மா... அட்மிஷன் நேரம்மா...

ஒரு கையெழுத்துக்கு இரண்டு வருஷம். போஸ்டர் அடிக்க மட்டும் ஒரு மணி நேரம் போதுமாக இருந்திருக்கிறது.

என்னிடமும் அந்த நண்பர் பெயரைச் சேர்க்கச் சொன்னார். நான் சேர்த்தேன். அடுத்த மாதமே எனக்கு வைவா. அந்த வெட்கக்கேட்டையும் இங்கேயே எழுதிவிடுகிறேன்.

என் வைவாவுக்கு அக்கா வந்திருந்தார். யார் வேண்டுமானாலும் வந்து உட்காரலாம் என்பதால், முன் வரிசையில் உட்கார்ந்து கை தட்டினார். வெளியே வந்து அவர் முகத்தைப் பார்த்ததும் எனக்கு அழுகை வந்துவிட்டது.

“ஏட்டி, டாக்டராயிட்டு அழுதா எப்படி? என் வைவாவுக்கு அம்மாவக் கூட்டிட்டு வாரேன். நீ பக்கத்துல உக்காந்து அவளுக்கு வெளக்கிச் சொல்லணும், என்ன?”

சரிக்கா என்றேன்.

இன்று அக்கா வீட்டில் அந்த அம்மாவின் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன். யாரோ அந்தப் போஸ்டரை அவரிடமும் காட்டிவிட்டார்கள். போனை என்னிடம் நீட்டினார்.

“டாக்டர்னு போட்டிருக்காங்களாமே மக்கா... அப்பம் எம்மவளுக்கு அந்தப் பரீட்ச முடிஞ்சிட்டா? எங்கிட்ட சொல்லவே இல்லியே?”

கைடு வாசலில்தான் நின்றுகொண்டிருந்தார். அம்மா கேட்டது அவர் காதிலும் விழுந்தது. தலையைக் குனிந்துகொண்டு செருப்பைத் தேடினார்.

“முடிஞ்சிட்டும்மா” என்றேன்.

“நல்லா பண்ணுனாளா?”

“நல்லா பண்ணுனாங்கம்மா. நான் முன் வரிசையிலதான் இருந்தேன்.”

அம்மா தலையை ஆட்டிக்கொண்டார்.

அவர்கள் போஸ்டரில் எழுதிய பொய்யை என் வாயாலும் சொல்ல வைத்துவிட்டார்கள். இதை நான் மறக்க மாட்டேன்.

அம்மாவுக்கு விளக்கிச் சொல்லச் சொன்னீர்கள் அக்கா. இதைத்தான் சொல்ல முடிந்தது. போய் வாருங்கள்...