ஃபிலோமினாவின் விரல்களுக்கு ஒரு லினக்ஸ்

போன ஞாயிறு, பூசை முடிந்த கையோடு ஃபிலோமினா எனக்குப் போன் எடுத்தார்.

"அண்ணா, லாப்டொப் செத்துப் போச்சு. நாளைக்குக் காலையில கோர்ட்டுக்குப் பேப்பர் போகணும்!"

ஃபிலோமினா கொழும்பு கொட்டாஞ்சேனையில் சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளர். சிங்களத்தில் இருக்கும் பொலிஸ் முறைப்பாடுகளைத் தமிழாக்குவது தொழில். லாப்டொப் சாகவில்லை. வயதாகிவிட்டது, விண்டோஸைச் சுமக்க முடியவில்லை. அதற்குப் பதிலாக, பழைய கணினிக்கும் ஒத்துவரும் லினக்ஸ் போடலாம் என்றேன்.

எந்த லினக்ஸ்? அதுதான் சிக்கல். ஏகப்பட்ட வகைகள், அநேகமாக எல்லாமே இலவசம். மூன்றை மூன்று பென் டிரைவில் ஏற்றிக்கொண்டு வெள்ளவத்தையில் அவர் வீட்டுக்குப் பஸ் பிடித்தேன். லாப்டொப்பில் எதையும் தொடாமல், பென் டிரைவிலிருந்தே ஓட்டிப் பார்க்கலாம்.

முதலாவது அழகு... ஃபேன் அலறியது. இரண்டாவது வேகம், வைஃபை பிடிக்கவில்லை. மூன்றாவது, மின்ட் என்ற லினக்ஸின் மெலிந்த வகை. சத்தமில்லாமல் எழுந்தது. வைஃபையும் வந்தது. வென்றுவிட்டேன் என்று நினைத்தேன்.

தமிழ் கீபோர்ட்டையும் போட்டுக் கொடுத்தேன் – 'அம்மா' என்பதை ஆங்கில எழுத்தில் அடித்தால் தமிழாகுமே, நான் அடிக்கும் அதே முறை. ஃபிலோமினா ஒரு வரி அடித்துவிட்டுத் திரையைப் பார்த்தார். கன்னாபின்னாவென்று எழுத்துகள்.

"இது எந்த ஊர்த் தமிழ், அண்ணா?"

"ஒரு கிழமையில பழகிரும்."

"கோர்ட் ஒரு கிழமை பார்த்துக்கொண்டு நிக்குமா? நான் டைப்ரைட்டர்ல பழகினவள். இந்த விரலுக்கு வேற ஒண்டும் ஏறாது."

ரேம் பார்த்தேன், வேகம் பார்த்தேன். அடிக்கிறவரின் கையைப் பார்த்தேனா?

நம்பிக்கையில்லாமல் கீபோர்ட் பட்டியலைத் திறந்தேன். கேள்விப்படாத மொழிகளெல்லாம் வரிசையாக நின்றன. தமிழுக்கு மட்டும் பல முறைகள். அவற்றில் ஒன்று – இலங்கையின் பழைய டைப்ரைட்டர் முறை!

யார் சேர்த்தது? தெரியாது. கொட்டாஞ்சேனையில் ஒருத்தி இப்படித்தான் அடிப்பாள் என்று எங்கோ இருக்கும் யாரோ நினைத்திருக்கிறார். உட்கார்ந்து, ஒவ்வொரு எழுத்தாக அதனதன் இடத்தில் வைத்திருக்கிறார். சம்பளமில்லாமல், அநேகமாக.

ஃபிலோமினா கண்ணைச் சிங்களத் தாளில் வைத்தபடி அடித்தார். திரையில், ஒரு பிழையில்லாமல், 'முறைப்பாட்டாளர் கூறுவதாவது...'

நான் திரையையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

"வாயைப் பார்க்காம, இதையே உள்ள போடுங்க அண்ணா."

எந்த லினக்ஸ் நல்லது என்று இனி யாராவது கேட்டால், முதலில் கேட்டவரையே ஒரு வரி அடித்துக் காட்டச் சொல்வேன்.