பென்சிலில் நிரப்பும் கட்டம்

தெய்வசிகாமணி சார் எப்போதும் பேனாவால் எழுதுகிறவர். வருகைப் பதிவேடு, ரெக்கார்டு நோட்டு, மதிப்பெண் பட்டியல் எல்லாம் நீல மைதான். பிளஸ் ஒன் சேர்க்கை நடக்கிற ஜூன் மாதத்தில் மட்டும் அவர் சட்டைப்பையில் ஒரு பென்சில் இருக்கும். விண்ணப்பத்தில் குரூப் என்கிற கட்டத்தை அதில்தான் நிரப்பச் சொல்வார். அந்தப் பள்ளிக்கூடத்தைக் கூட்டுகிறவள் நான். பதினோரு வருடமாக ஒவ்வொரு ஜூனிலும் அவர் மேசைக்குக் கீழே ரப்பர் தூளைக் கூட்டி அள்ளியிருக்கிறேன்.

ஏன் என்று கேட்டதில்லை. எட்டாவதோடு நின்றவள். வாத்தியாரிடம் கேள்வி கேட்கிற தைரியம் படிக்கும்போதே எனக்கு இல்லை.

அவர் எலவனாசூர்கோட்டைக்காரர். இரண்டு பஸ் மாறி மலையடிவாரத்துக்கு வருகிறார். கணக்கு வாத்தியார். கம்ப்யூட்டருக்குத் தனியாக ஆள் இல்லாததால் அதையும் அவரே நடத்துகிறார். லேப்பில் ஒன்பது கம்ப்யூட்டர், நாலுதான் ஓடும். ஒவ்வொன்றையும் துணி போட்டு மூடி, கதவைப் பூட்டி, பூட்டை இழுத்துப் பார்ப்பார். பாதி வராண்டா போய்விட்டுத் திரும்பி வந்து இன்னொரு முறை இழுப்பார். யாரையும் நம்பாத அந்த மனிதரை நானும் நம்பவில்லை.

போன வருடம் என் மகள் ஏஞ்சலின் பத்தாவது முடித்தாள். கணக்கில் ஐம்பத்தொன்பது. கணக்கு–கம்ப்யூட்டர் குரூப்தான் வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றாள். எனக்கு ரப்பர் தூள் நினைவுக்கு வந்தது. மார்க் கம்மியான பிள்ளைகளை அழித்துவிட்டு வரலாறு குரூப்புக்குத் தள்ளுகிறார், தன் பாடத்தில் தேர்ச்சி குறையக் கூடாதென்று. அப்படித்தான் முடிவு கட்டியிருந்தேன்.

"பேனாவுல எழுதுடி. ரெண்டு தபா மேல எழுது."

"சார் பென்சில்ல தானம்மா எழுதச் சொன்னாரு?"

"அவரு சொல்லுவாரு. நீ எழுது."

தாள் கிழிகிற மாதிரி அழுத்தி எழுதினாள். சார் அந்தத் தாளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், விண்ணப்பக் கட்டோடு சேர்த்துவிட்டார்.

அன்றைக்கு வெள்ளிமலைப் பக்கத்திலிருந்து இருசம்மாள் தன் மகள் ரம்யாவைக் கூட்டிக்கொண்டு வந்திருந்தாள். வராண்டாவில் என் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"கணக்கு வாணாம்க்கா. முப்பத்தெட்டு வாங்கறதுக்குள்ள அழுதுக்கினே கெடந்துச்சு. வரலாறு போதும். ஆஸ்டல்ல எடம் கெடச்சா சரி."

ரம்யா பென்சிலால் வரலாறு என்று எழுதியதை நான் பார்த்தேன்.

சேர்க்கை முடிந்த மறுநாள் காலை விண்ணப்பக் கட்டு மேசைமேல் இருந்தது. கீழே தூள். துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டுப் புரட்டினேன். ஏஞ்சலினுடையது அப்படியே இருந்தது. நாலு தாள்களில் அழித்த தடம். ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தால் பழைய எழுத்து தெரிந்தது, வரலாறு. அதன் மேல் நீல மையில் கணிதம், கணினி அறிவியல். நாலாவது தாள் ரம்யாவுடையது.

ஆபீஸில் வேலை செய்யும் வெங்கடேசனிடம் பேச்சோடு பேச்சாக விசாரித்தேன்.

"கம்ப்யூட்டர் குரூப்பா? பதினஞ்சு தல இல்லன்னா மூடிடுவாங்களாம் ஜூலியாக்கா. பதினோரு பேருதான் கேட்டுச்சு. இப்ப கரெக்டா பதினஞ்சு நிக்குது. சாரு இன்னா மந்திரம் போட்டாரோ!" என்று சிரித்தான்.

மதியம் லேப்பைத் துடைக்கும்போது சார் மட்டும் இருந்தார். வாயிலிருந்து வந்துவிட்டது.

"சார், அந்த மலைப் பொண்ணு முப்பத்தெட்டுதான் சார். அவங்கம்மா கணக்கு வாணாம்னாங்க."

அவர் கம்ப்யூட்டருக்குத் துணி போட்டுக்கொண்டே இருந்தார். "கட்டைப் பிரிச்சுப் பாத்தியாம்மா?"

நான் குனிந்து தரையைத் துடைத்தேன்.

"ரெண்டு வருசம் இருக்குது, சொல்லிக் குடுத்துக்கலாம். ஒரு தல கொறஞ்சா குரூப்பே இல்ல. உன் பொண்ண சின்னசேலம் அனுப்பிப் படிக்க வைப்பியா? போ, அந்தம்மாகிட்ட போய்ச் சொல்லு. நான் தடுக்கல."

அனுப்ப மாட்டேன் என்பது அவருக்குத் தெரியும்.

அடுத்த வாரம் இருசம்மாள் ஆஸ்டலுக்குப் பெட்டி கொண்டுவந்தாள். "வரலாறு கெடச்சிச்சாக்கா?" என்று கேட்டாள்.

"எடம் கெடச்சிடுச்சு" என்றேன்.

வகுப்பு தொடங்கியதும்தான் தன்னைக் கணக்கில் சேர்த்திருப்பது ரம்யாவுக்குத் தெரிந்தது. மலைக்குச் செய்தி போய் இருசம்மாள் இறங்கி வருவதற்குள் மற்ற குரூப்புகள் நிரம்பியிருந்தன. அதற்குப் பிறகு அவள் வந்தால் வராண்டாவின் அந்தக் கோடியில் உட்காருகிறாள்.

இப்போது இரண்டு பெண்களும் பிளஸ் டூ. காலாண்டுத் தேர்வில் கணக்கில் ஏஞ்சலின் எழுபத்தொன்று, ரம்யா இருபத்தாறு. சார் தினமும் பள்ளி விட்டதும் ரம்யாவை உட்கார வைத்துச் சொல்லிக்கொடுத்துவிட்டு, தன் பஸ்ஸை விட்டு அடுத்த பஸ்ஸில் போகிறார். அவள்மேல் இருக்கிற அக்கறையா, தேர்ச்சிப் பட்டியல்மேல் இருக்கிற பயமா என்று நான் இன்னும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன். இந்த ஜூனிலும் மேசைக்குக் கீழே தூள் கிடந்தது. கூட்டி அள்ளிவிட்டேன். குரூப் நடக்கிறது.