இரண்டாம் செவியனின் ரசிகை

கண்ணாடிக் கடையின் பின்கட்டில் உட்கார்ந்து, ஃபிரேமுக்குத் தக்கபடி லென்ஸின் விளிம்பைச் சாணை பிடிப்பது அவள் வேலை. கடைக்கு வருகிறவர்களுக்கு அவள் முகம் தெரியாது. சக்கரம் சுற்றுகிற சத்தம் மட்டும் கேட்கும். அந்தக் கட்டடத்தில் கடை வைத்திருந்த எல்லோருக்கும் அவள் 'லென்ஸ் அக்கா'. அவளைவிட மூத்தவர்களும் அப்படித்தான் கூப்பிட்டார்கள். கேட்டதற்குப் பதில் சொல்வாள், அதற்கு மேல் ஒரு சொல் வராது. ஆனால் செவியன் என்று யாராவது பேச்செடுத்தால் சக்கரத்தை நிறுத்திவிட்டு வாசலுக்கு வந்துவிடுவாள்.

செவியன் சினிமாவில் வருகிற வீரன். நகரத்தில் எந்த மூலையில் யார் கூப்பிட்டாலும் அவன் காதில் விழும். அவனுக்கு இருந்த சக்தி அது ஒன்றுதான். பறக்கமாட்டான், நெருப்பைக் கக்கமாட்டான். கேட்பான், ஓடுவான், அவ்வளவுதான். அவனை வைத்து அதுவரை மூன்று படங்கள் வந்திருந்தன. மூன்றிலும் வேறு வேறு நடிகர்கள்.

முதல் செவியனை அவள் பள்ளிக்கூடம் போகிற வயதில் பார்த்தாள். படிய வாரிய தலை, நீலச் சட்டை. கூப்பிட்ட குரல் அடங்குவதற்குள் வந்து நிற்பான். இரண்டாமவன் வந்தபோது அவள் வேலைக்குப் போகத் தொடங்கியிருந்தாள். அவன் கண்ணுக்குக் கீழே கருவளையம் விழுந்த ஒல்லி மனிதன். இரண்டு பக்கமிருந்தும் ஒரே நேரத்தில் கூப்பிடுவார்கள். ஒருவரிடம் ஓடினால் இன்னொருவர் செத்துப்போவார். படத்தின் நடுவில் மொட்டைமாடியில் நின்று இரண்டு காதையும் பொத்திக்கொள்வான். தியேட்டரில் பாதிப் பேர் ஊளையிட்டார்கள், படமும் ஊற்றிக்கொண்டது. மூன்றாமவன் பெரிய பணக்காரன். காதில் ஒரு கருவி மாட்டியிருப்பான். பொத்தானை அழுத்தினால் ஊர் கேட்கும், மறுபடி அழுத்தினால் கேட்காது. அந்தப் படம்தான் சக்கைப்போடு போட்டது.

இதையெல்லாம் பேச அவளுக்குக் கிடைத்த ஒரே ஆள் பக்கத்துக் கடைக்காரன். செல்போன் ரிப்பேர் பார்க்கிறவன். திறந்த வாயை மூடத் தெரியாது என்பதால் அவனுக்கு 'ரேடியோ' என்று பெயர். அவளைவிடச் சில வயது சின்னவன், வாய்க்கு வாய் "அக்கா" என்பான். மத்தியானம் கூட்டம் குறைந்ததும் இருவரும் நடைபாதையில் டீயோடு நின்று சண்டையைத் தொடங்குவார்கள். வருஷக்கணக்காக அதே சண்டை. அவர்களுக்குச் சலிக்கவே இல்லை.

"மூணாவது ஆளுதான்க்கா புத்திசாலி. ஊர் அழுகையை எந்நேரமும் கேட்டுக்கிட்டிருந்தா மனுஷனுக்குப் பைத்தியம் பிடிக்காதா? அணைச்சு வச்சிட்டுத் தூங்கறான். அதுல என்ன தப்பு?"

"அணைச்சு வைக்க முடிஞ்சா அவன் செவியனே இல்லடா. காதுல மெஷின் மாட்டின முதலாளி."

"சரி, முதல் ஆள்?"

"நல்லவன்தான். ஆனா கடிகாரம் அவன் பக்கம் இருக்கே. நேரம் பத்தலைங்கற கவலையே இல்லாதவனை என்னன்னு பாராட்டறது?"

"அப்போ உன் ஆளு? காதைப் பொத்திக்கிட்டு நிக்கிறதைப் பாக்க எதுக்குக்கா டிக்கெட்டு?"

"பொத்தினான். அப்புறம் கையை எடுத்தான்ல? அந்தக் கையை எடுக்கிற இடத்துக்குத்தான் டிக்கெட்டு."

ஒருநாள் அடை மழை. கரண்ட் போய்விட்டது, இரண்டு கடையிலும் வேலை இல்லை. அன்றைக்கு அவன் விளையாட்டாகக் கேட்காமல் நிஜமாகவே கேட்டான். ஊரே கழுவி ஊற்றிய படத்தை ஏன் இப்படிக் கட்டிக்கொண்டு அழுகிறாய் என்றான். யாரிடமும் சொல்லாததை அவள் அவனிடம் சொன்னாள்.

அந்தப் படம் வந்த சமயம் அவள் அப்பா ஆஸ்பத்திரியில் இருந்தார். தேறிக்கொண்டு வந்தார். அவரேதான், "நாள் பூரா என் மூஞ்சியைப் பாத்துக்கிட்டு எதுக்கு உக்காந்திருக்க? உன் காதுக்காரன் வந்திருக்கானாமே, போய்ப் பாத்துட்டு வா. வரும்போது ஒரு நகவெட்டி வாங்கிட்டு வா" என்று அனுப்பிவைத்தார். படம் பார்த்தாள். நகவெட்டியும் வாங்கினாள். திரும்பி வந்தபோது கட்டில் காலியாக இருந்தது. "உங்க பேரைச் சொல்லிக் கூப்பிட்டுக்கிட்டே இருந்தாருங்க" என்றாள் நர்ஸ். நீ எங்கே போயிருந்தாய் என்று அந்தக் களேபரத்தில் யாரும் அவளைக் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை. பின்னால் கல்யாணம் ஆனது. புருஷனிடமும் சொல்லவில்லை. மொட்டைமாடியில் காதைப் பொத்திக்கொண்டு நின்றவனை மட்டும் விடமுடியாமல் திரும்பத் திரும்பப் பார்த்தாள்.

ரேடியோ அன்றைக்கு ஒரு வார்த்தை பேசவில்லை. மழை விடும்வரை கூடவே நின்றான். கூடப்பிறந்தவன் இருந்திருந்தாலும் இப்படித்தான் நின்றிருப்பான் என்று அவளுக்குத் தோன்றியது.

நாலாவது செவியன் வரப்போகிறான் என்ற செய்தி வந்த சில வாரங்களில், ஒரு காலையில் ரேடியோவின் அப்பா அவளைத் தேடி வந்தார். அதே கட்டடத்தின் மாடியில் தையல் கடை வைத்திருப்பவர். கழுத்தில் அளவு நாடா தொங்க, மூச்சு வாங்க, பின்கட்டுக்கே வந்துவிட்டார்.

"நீ சொல்லும்மா. நான் எப்ப செத்தேன்?"

அவள் சக்கரத்தை நிறுத்தினாள். "என்னங்கய்யா சொல்றீங்க?"

"பேன்ட் தைக்கக் குடுத்தவர் வந்து என்னைப் பாத்துட்டு வாசல்லயே நின்னுட்டாரு. உங்க பையன் சொன்னதைக் கேட்டு வீட்ல எல்லாரும் அழுதோம், நீங்க உயிரோட இருக்கீங்களேங்கறாரு. நான் என்ன பதில் சொல்ல? மன்னிச்சுக்குங்கன்னா சொல்றது?"

சிரிப்பு வந்தது அவளுக்கு. அவர் தன் போனை நீட்டினார். சிரிப்பு அதோடு போயிற்று.

வீடியோவில் ரேடியோ உட்கார்ந்திருந்தான். பின்னால் செவியன் படங்கள். அவன் இப்படி வீடியோ போடுகிற விஷயமே அவளுக்குத் தெரியாது. மூன்று செவியன்களையும் ஒப்பிட்டுப் பேசினான். முதலாமவனுக்குக் கடிகாரம் துணை என்றான். மூன்றாமவன் காதில் மெஷின் மாட்டின முதலாளி என்றான். இத்தனை வருஷமாக எவனுக்காகத் தொண்டை கிழிய வாதாடினானோ அவனையே, அவளுடைய வார்த்தையாலேயே கீழே தள்ளினான். "அந்தக் கையை எடுக்கிற இடத்துக்குத்தான் டிக்கெட்டு" என்று சொல்லிவிட்டு, கைதட்டலுக்கு இடம் விடுவதுபோலக் கொஞ்சம் நிறுத்தினான்.

திருட்டுதான். ஆனால் டீக்கடைப் பேச்சுக்கு யார் பட்டா போட்டு வைத்திருக்கிறார்கள், போகட்டும் என்றுகூட அவள் நினைத்திருப்பாள். அதற்குள் அவன் குரலைத் தாழ்த்திக்கொண்டான். "இதை நான் யார்கிட்டயும் சொன்னதில்லை. எங்கப்பா ஆஸ்பத்திரில இருந்தப்ப..." என்று தொடங்கினான். கட்டில், நர்ஸ் என்று எதையும் விடவில்லை. நகவெட்டியைச் சொல்லும்போது அவன் குரல் தழுதழுத்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

அவள் போனைத் திருப்பிக் கொடுத்தாள்.

"அது எங்கப்பாங்கய்யா" என்றாள்.

தையல்காரர் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். பக்கத்திலிருந்த ஸ்டூலில் மெதுவாக உட்கார்ந்தார். தன் சாவைப் பற்றி அதற்குப் பிறகு அவர் ஒன்றும் கேட்கவில்லை.

அவள் நேராகப் பக்கத்துக் கடைக்குப் போனாள். ஒரு போனைப் பிரித்துப் போட்டுக்கொண்டிருந்த ரேடியோ நிமிர்ந்து பார்த்தான். பார்த்ததுமே புரிந்துகொண்டான்.

"அக்கா, நானே சொல்லணும்னுதான் இருந்தேன்."

"எப்ப?"

"உக்காருக்கா. நீ வீடியோவா போடப்போற? உள்ளயே வச்சிருந்தா யாருக்குப் பிரயோஜனம்? கீழ எழுதியிருக்கிறதைப் படிச்சுப் பாரு, எத்தனை பேரு அழுதிருக்காங்கன்னு. நாம ரெண்டு பேரும் சேர்ந்து பேசினதுதானே?"

"பேசினது ரெண்டு பேரு. செத்தது எங்கப்பா மட்டும்தான்."

அவன் கையிலிருந்த சின்ன ஸ்குரூவை மேஜையில் வைத்தான். அது உருண்டு விழுந்தது. குனிந்து தேடுவதுபோல முகத்தை மறைத்துக்கொண்டான்.

"அந்த வீடியோவை எடுத்துரு."

"எடுக்க முடியாதுக்கா. அதைப் பாத்துட்டுத்தான் நாலாவது படத்தோட முதல் காட்சிக்கே என்னைக் கூப்பிட்டிருக்காங்க. வேணும்னா உன் பேரைச் சொல்லட்டுமா? இது அக்காவோட கதைன்னு சொல்லிடறேன்."

இரண்டாவது தடவையாகவும் விற்கப் பார்க்கிறான் என்று அவளுக்குப் பட்டது. "என் பேரு உன் வாயில வரக்கூடாது" என்று சொல்லிவிட்டுத் திரும்பினாள். அவன் பின்னாலேயே வாசல்வரை வந்து, "அக்கா, அக்கா" என்றான். அத்தனை வருஷம் காதுக்கு இனிமையாக இருந்த அந்த ஒரு சொல் அன்றைக்குக் கூசியது.

அன்று சாயங்காலம் வீட்டில் இன்னொன்று காத்திருந்தது. அவள் வீட்டுக்காரர் பஸ் டிரைவர். சினிமாவுக்கும் அவருக்கும் ஏழாம் பொருத்தம். ஷூவைக் கழற்றிக்கொண்டே, "உன் பக்கத்துக் கடைப் பையன் அப்பாவைப் பத்திப் பேசினதைக் கண்டக்டர் காட்டினான். பாவம். அந்த நகவெட்டி விஷயம் மனசைப் பிசைஞ்சிருச்சு" என்றார்.

அவளால் தாங்க முடியவில்லை. நின்றபடியே எல்லாவற்றையும் கொட்டினாள். அவர் ஒரு ஷூவைக் கையில் பிடித்தபடியே கேட்டார். ஆறுதலாக ஏதாவது சொல்வார் என்று எதிர்பார்த்தாள்.

"அவன்கிட்ட சொல்லியிருக்க" என்றார் கடைசியில். "என்கிட்ட சொல்லலை. இத்தனை வருஷம் ஒரே வீட்டுல இருந்திருக்கோம். நான் என்ன, படியில தொங்கற பாசஞ்சரா?"

"உங்களுக்கு சினிமா பிடிக்காதேன்னு..."

"இதுல சினிமா எங்க வந்துச்சு?"

அன்றைக்கு அவர் சாப்பிட்டதும் பேசாமல் போய்ப் படுத்துக்கொண்டார். பாத்திரம் கழுவும்போது அவளுக்கு ஒன்று உறைத்தது. தான் ஏமாந்ததுபோலத்தான் அவரும் ஏமாந்து படுத்திருக்கிறார். அதை நினைக்க நினைக்க ரேடியோமேல் இருந்த ஆத்திரம் குறையவில்லை. கூடத்தான் செய்தது. சொல்லவேண்டிய ஆளிடம் தன் வாயால் முதலில் சொல்ல, அவன் ஒரு வழியும் விட்டுவைக்கவில்லை.

தையல்காரர் சும்மா இருக்கவில்லை. மகன் கடை வாசலில் நின்று, நடைபாதையில் போகிறவர்கள் கேட்க, "நான் செத்தாச்சு, இனிமே உனக்கு அப்பா இல்லை, சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வராதே" என்று சொல்லிவிட்டு மாடி ஏறினார். மானம் போனதில் ரேடியோ பழைய வீடியோவை எடுத்துவிட்டுப் புதிதாக ஒன்று போட்டான். அது தன் கதை அல்ல என்றும், நெருங்கிய ஒருவரின் வலியைத் தன் வலியாகவே உணர்ந்ததால் அப்படிச் சொல்லிவிட்டதாகவும் கைகூப்பிப் பேசினான். கீழே எழுதியவர்கள் அவனுடைய நேர்மையைப் பாராட்டினார்கள். தப்பை ஒத்துக்கொள்ள எவ்வளவு பெரிய மனசு வேண்டும் என்றார்கள். கண்ணாடிக் கடை முதலாளியம்மா அதை அவளுக்குப் படித்துக் காட்டினாள். "நல்ல பையன்தான் போல" என்றாள். லென்ஸ் அக்கா தலையை ஆட்டிவைத்தாள்.

நாலாவது படம் வந்ததும் வீட்டுக்காரர் தானாகவே, "எத்தனை மணி ஆட்டம்?" என்று கேட்டார். இரண்டு பேரும் போனார்கள். இந்தச் செவியன் ஒரு கிழவன். காது மந்தமாகிக்கொண்டு வருகிறது. யார் கூப்பிடுகிறார்கள் என்று தெரியாமல், கூப்பிட்டிருப்பார்களோ என்ற சந்தேகத்திலேயே வீடு வீடாகப் போய்க் கதவைத் தட்டுகிறான். முதலாமவனின் நீலச் சட்டையை வெளிறிப்போன கோலத்தில் போட்டிருந்தான். படம் முடிந்து வெளியே வந்தபோது அவளுக்கு நெஞ்சு முட்டப் பேச்சு இருந்தது. இவன் இரண்டாமவனைவிட ஒரு படி மேலேயா, அல்லது அவனேதான் கிழவனாகி வந்திருக்கிறானா? எதிரே நின்று, "இல்லக்கா, அப்படி இல்ல" என்று மறுக்க ஒரு ஆள் வேண்டியிருந்தது.

"எப்படி இருந்துச்சு?" என்றார் வீட்டுக்காரர்.

"நல்லா இருந்துச்சு" என்றாள்.

"பாவம், அந்தப் பெரியவருக்கு ஒரு நல்ல டாக்டரைப் பாத்திருக்கலாம்" என்றார் அவர், மெய்யான அக்கறையோடு.

மறுநாள் மத்தியானம் ரேடியோ கண்ணாடிக் கடைக்குள் வந்தான். பின்கட்டு வாசலில் தயங்கி நின்றான். இளைத்திருந்தான். படம் பார்த்துவிட்டு வந்த பரபரப்பு கண்ணில் தெரிந்தது. அவளுக்கு நன்றாகத் தெரிந்த பரபரப்பு.

"பாத்தியாக்கா? கதவைத் தட்டற சீன்ல உன்னைத்தான் நினைச்சேன். என்ன சொல்ற?"

நாக்கு நுனிவரை வந்தது. அவனைப் போல அதைக் கேட்கத் தெரிந்த ஆள் இந்த ஊரில் இல்லை என்பதும் அவளுக்குத் தெரியும்.

"நான் பாக்கலை" என்றாள்.

"பொய் சொல்ற."

"பாக்கலை. பாக்கறதாவும் இல்லை."

அவன் திரும்பிப் போனான். அடுத்த மாதமே வேறு தெருவுக்குக் கடையை மாற்றிக்கொண்டான் என்று தையல்காரர் சொன்னார். அந்த இடத்தில் இப்போது செருப்புக் கடை இருக்கிறது.