மிளகு வாசனை தேடி ஒரு கிளாஸ் ஷிராஸ்

போன ஆவணியில் ஒரு செவ்வாய்க்கிழமை, மெஸ்ஸுக்கு விடுமுறை விட்டுவிட்டு நானும் என் கணவர் சேகரும் விழுப்புரத்திலிருந்து புதுச்சேரிக்குப் போனோம். ஊர் சுற்ற அல்ல, சிவப்பு வைன் மோந்து பார்க்க. சிரிக்காதீர்கள், காரணம் இருக்கிறது.

அதற்கு எட்டு மாதத்துக்கு முன் வந்த காய்ச்சலில் எனக்கு வாசனையே தெரியாமல் போனது. மதியச் சாப்பாட்டு மெஸ் நடத்துகிறவளுக்கு இது சின்ன விஷயமில்லை. சாம்பார் அடிப்பிடித்தது தெரியாமல் பரிமாறியிருக்கிறேன். அதிலிருந்து சமையலறையில் சேகர்தான் எனக்கு மூக்கு. தை வரைக்கும் பார்ப்போம், இல்லையென்றால் மெஸ்ஸை மூடிவிடலாம் என்று பேசி வைத்திருந்தோம். தினமும் விதவிதமாக மோந்து பழகச் சொன்னார் டாக்டர். கிராம்பும் எலுமிச்சையும் தைலமும் அலுத்துப்போன நேரத்தில்தான், வைனை மோந்து பார்த்த பிறகே குடிப்பார்கள் என்று சேகர் எங்கோ கேட்டுக்கொண்டு வந்தார்.

காலை 9.10 பஸ். நாற்பது கிலோமீட்டர், ஆளுக்கு முப்பத்தைந்து ரூபாய். 10.20க்கு இறங்கி, நூற்றைம்பது ரூபாய் ஆட்டோவில் கடற்கரை. பன்னிரண்டு மணிக்கு, இரண்டு தெரு உள்ளே தள்ளி ஒரு பழைய பிரெஞ்சு வீட்டு உணவகம். பரிமாற வந்த கலை வீராம்பட்டினத்துப் பெண். விஷயத்தை மறைக்காமல் சொன்னேன்.

"அப்ப ஷிராஸ் எடுத்துக்கோங்கக்கா. இங்க நெறைய பேரு அதத்தான் கேக்குறாங்க. மிளகு வாசன வரும்" என்றாள்.

ஷிராஸ் ஒரு வகைச் சிவப்பு வைன், ஒரு கிளாஸ் 450 ரூபாய். நாவல்பழச் சாறு நிறம். மோந்தேன், ஒன்றுமில்லை. ஒரு வாய் குடித்தேன். லேசான புளிப்பு, பிறகு நாவல்பழம் தின்றதுபோல் நாக்கு வறண்டது. அவ்வளவுதான். இதற்கா இவ்வளவு தூரம் என்று முகம் வாடிவிட்டது.

கலை கிளாஸைத் தொட்டுப் பார்த்தாள். "ரொம்ப சில்லுனு இருக்கு. கையில புடிச்சிக்கிட்டு பத்து நிமிசம் உக்காருங்க. அப்பறம் ஒரு சுத்து சுத்திட்டு, மூக்க நல்லா உள்ள விட்டு மோந்து பாருங்க."

அவள் சொன்னபடியே செய்தேன். மூன்றாவது முறை மோந்தபோது, அம்மியில் தட்டிய மிளகு. ஒரு நொடிதான், போய்விட்டது. மறுபடி மோந்தேன், மறுபடி வந்தது.

"மிளகுங்க" என்றேன்.

சேகர் கிளாஸை வாங்கி நான்கு முறை மோந்தார். "எனக்கு ஒண்ணும் வரலியே."

"சில பேருக்கு அந்த மிளகு வாசன மட்டும் தெரியாது சார்" என்றாள் கலை.

எங்கள் வீட்டு மூக்கு திருதிருவென்று விழித்தது. நான் சிரித்த சிரிப்பில் பக்கத்து மேசைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

போகிறவர்களுக்கு: சனி, ஞாயிறு வேண்டாம், உட்கார இடம் கிடைக்காது. வெறும் வயிற்றில் குடிக்காதீர்கள். கிளாஸ் ரொம்பக் குளிர்ந்து வந்தால் காத்திருங்கள். பாட்டில் வாங்கிக்கொண்டு எல்லையைத் தாண்டாதீர்கள், சோதனைச்சாவடியில் வம்பு. சொந்த வண்டி ஓட்டிப் போகிறவர் குடிக்கவே வேண்டாம், பஸ்தான் நல்லது. சாப்பாட்டோடு எங்கள் செலவு 1,900 ரூபாய்.

இது மருந்து என்று சொல்ல வரவில்லை. பூவும் சோப்பும் இன்னும் எனக்குத் தெரிவதில்லை. ஆனால் மெஸ்ஸை மூடுகிற பேச்சை இருவருமே அதற்குப் பிறகு எடுக்கவில்லை. மறுநாள் காலை சேகரை இலை போட அனுப்பிவிட்டு, சமையலறையில் தனியாக நின்று மிளகை நானே வறுத்தேன்.